சித்தப்பாவுக்கு: எந்த பட்டனை அமுக்குவது?

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் பழைய லேப்டாப்பில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போடுவது பற்றி ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன், பக்கத்து ஆள் போனில் சத்தமாகப் பாட்டு வைத்திருந்தார். "புதுசா போடும்போது அது வரிசையா கேள்வி கேக்குமாமே, ஒவ்வொண்ணுக்கும் எதை அமுக்கணும்னு எழுதிக் கொடுடா" என்றீர்கள். இதோ எழுதுகிறேன். இதையே வேறு நாலைந்து பேரும் கேட்டுவிட்டதால் உங்களுக்கு எழுதுவதைப் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன். வீட்டு விஷயம் கொஞ்சம் வெளியே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் திரைகள் பத்துப் பன்னிரண்டு கேள்வி கேட்கும். எல்லாம் ஒரே அளவு எழுத்தில், ஒரே மாதிரி கட்டத்தில் இருப்பதால் எல்லாமே முக்கியம் போலத் தெரியும். அப்படி இல்லை. பெரும்பாலானவற்றுக்கு என்ன பதில் சொன்னாலும் குடி முழுகிவிடாது, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். சொன்ன பதிலைத் திரும்ப வாங்க முடியாதவை இரண்டுதான். எந்த டிஸ்க்கை அழிப்பது என்பது ஒன்று. அதற்குப் பூட்டுப் போடுவதா வேண்டாமா என்பது இன்னொன்று. நான் பார்த்தவரை எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். பின்னணிப் படம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு வாரம் யோசிப்பார்கள். டிஸ்க் கேள்வி வந்ததும் 'நெக்ஸ்ட்' அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

உங்கள் லேப்டாப் 2016-ல் வாங்கியது, ஐந்தாம் தலைமுறை இன்டெல் ஐ3 ப்ராசஸர். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசஸர் வேண்டும். உங்களுடையது அந்த வாசலில் நிற்காது. கடைக்காரத் தம்பி 'எப்படியாவது 11 ஏத்தித் தரேன்' என்றாராமே. அது முடியாத காரியமில்லை. பென்டிரைவ் தயாரிக்கும்போதே அந்தச் சோதனைகளைத் தாண்டிப் போக ரூஃபஸ் என்ற கருவியில் டிக் பெட்டி இருக்கிறது. ஆனால் அப்படி ஏற்றிய மெஷினுக்கு அப்டேட் வந்துகொண்டே இருக்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை. பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டதே என்றுதானே மாற்றுகிறோம்? மறுபடியும் அதே கவலையில் உட்காருவானேன். விண்டோஸ் 10-லேயே இருந்து பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்புக்குப் பதிந்தாலும் 2026 அக்டோபர் 13 வரைதான் வண்டி ஓடும்.

அதனால் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட். உங்களுக்குத் தேவை கடிதம் அடிப்பது, பேத்தியோடு வீடியோவில் பேசுவது, செய்தி படிப்பது, யூடியூபில் பழைய பட்டிமன்றம் பார்ப்பது. டேலி மாதிரி விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு வேலை ஏதாவது இருந்திருந்தால் இந்த யோசனையையே சொல்லியிருக்க மாட்டேன். மின்ட் 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை அப்டேட் உண்டு. மூன்று முகங்களில் கிடைக்கிறது: சினமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ. ரேம் இப்போதுள்ள 4 ஜிபியோடு நின்றால் எக்ஸ்எஃப்சிஇ. 8 ஆக்கிவிட்டால் சினமன், பார்வைக்கு விண்டோஸ் சாடை இருக்கும், பழகுவது எளிது.

சரி, கேள்விகளுக்கு முன்னால் ஒரு காரியம். அந்த லேப்டாப் மெதுவாக இருப்பதற்குப் பாதிக் காரணம் விண்டோஸ் இல்லை, உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் பழைய ஹார்ட் டிஸ்க். அதைக் கழற்றிவிட்டு இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி (உள்ளே எதுவும் சுற்றாத வேகமான டிஸ்க்) ஒன்று போடச் சொல்லுங்கள். 240 ஜிபி உங்களுக்கு ஏராளம். வேகம் கூடும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. புது டிஸ்க்கில் புதிதாகப் போட்டால் பழைய டிஸ்க் தொடப்படாமல் அப்படியே இருக்கும். துணியில் சுற்றி பீரோவில் வைத்துவிடுங்கள். எதையாவது எடுக்க மறந்திருந்தால் ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டுச் செருகினால் போதும். திரும்ப வாங்க முடியாத கேள்வி இரண்டு என்றேனே, அதில் ஒன்றின் பல்லை இப்படிப் பிடுங்கிவிடலாம்.

அப்படியும் முக்கியமானவற்றை ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், போட்டோக்கள் எல்லாம் எல்லோரும் எடுப்பார்கள். உங்களிடம் எடுக்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது: ஃபான்ட்கள். இருபது வருட வினாத்தாள்களையும் இலக்கணக் குறிப்புகளையும் நீங்கள் பாமினியிலும் வானவில்லிலும் அடித்து வைத்திருக்கிறீர்கள். அவை யூனிகோடு, அதாவது இன்று எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு, இல்லை. பாமினிக் கோப்புக்குள் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுவது அந்த ஃபான்ட். ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால் போர்வை விலகிவிடும். நீங்கள் 'வணக்கம்' என்று அடித்தது டி, இசட், எஃப், அரைப்புள்ளி, எஃப், கே, அரைப்புள்ளி என்று நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து ஆயுட்கால உழைப்பை அழித்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருந்து உங்கள் தமிழ் ஃபான்ட்கள் அத்தனையையும் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மின்ட்டில் அவற்றைச் சேர்த்தவுடன் லிப்ரெஆபிஸில் (மின்ட்டில் வேர்டு மாதிரி இருப்பது) எழுத்து பழையபடி தெரியும். பக்க அமைப்பு அங்கங்கே கொஞ்சம் நகரலாம். யூனிகோடுக்கு மாற்றுவதைப் பிறகு நிதானமாகப் பார்ப்போம்.

மின்ட்டை நிறுவ வேறொரு பென்டிரைவ் வேண்டும், 8 ஜிபி போதும். மின்ட் கோப்பை அதன் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள், இறக்கியதும் அங்கே கொடுத்திருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு ஒத்துப் பாருங்கள். இது வீண் சடங்கு இல்லை. 2016 பிப்ரவரியில் மின்ட் தளத்துக்குள்ளேயே யாரோ புகுந்து, இறக்கும் இணைப்பைத் திருப்பி, பின்கதவு வைத்த கோப்பைக் கொடுத்தார்கள்.

இறக்கிய கோப்பை ரூஃபஸ் வழியாகப் பென்டிரைவில் எழுதிக்கொள்ளுங்கள். அதைச் செருகி லேப்டாப்பை ஆன் செய்யும்போது எஃப் 12, எஃப் 9, எஸ்கேப் இவற்றில் ஒன்று, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் பட்டியலைக் காட்டும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் மின்ட் நிறுவப்படாமலே ஓட ஆரம்பிக்கும். உடனே 'இன்ஸ்டால்' ஐகானைத் தட்டாதீர்கள். புடவைக் கடையில் தோளில் போட்டுப் பார்ப்பது மாதிரி அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா, கேமராவில் உங்கள் முகம் தெரிகிறதா, பிரிண்டரில் ஒரு பக்கம் வருகிறதா. சில பழைய லேசர் பிரிண்டர்கள் லினக்ஸில் முரண்டு பிடிக்கும், அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. வைஃபை வரவில்லை என்றால் பதற வேண்டாம். போனைக் கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் போட்டால் நெட் வந்துவிடும், அதை வைத்து வைஃபை டிரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

இனி கேள்விகள். முதலில் மொழி. பட்டியலில் தமிழ் இருக்கும். தமிழாசிரியரிடம் இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் இப்போதைக்கு ஆங்கிலத்தையே வையுங்கள். ஏதாவது சிக்கல் வந்து நீங்கள் போனில் வாசித்துக் காட்டும்போது அது எந்த பட்டன் என்று எனக்குப் புரிய வேண்டும். பிறகு எப்போது வேண்டுமானாலும் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது கீபோர்டு. இங்கேதான் நம்மவர்கள் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். தமிழ் கீபோர்டை முதல் கீபோர்டாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் பாஸ்வேர்டு பெட்டியிலும் தமிழே விழும். அந்தப் பெட்டியில் விழுவது எல்லாம் கறுப்புப் புள்ளி. என்ன அடித்தோம் என்றே தெரியாமல் ஒரு பாஸ்வேர்டு வைத்துவிட்டு, மறுநாள் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். 'இங்கிலீஷ் யுஎஸ்' போதும். ரூபாய்க் குறி வேண்டுமென்றால் 'இங்கிலீஷ், இந்தியா' என்று ரூபாயோடு ஒன்று இருக்கும், அதையும் வைக்கலாம். தமிழை நிறுவி முடித்த பிறகு சேர்ப்போம். அப்போதும் கீபோர்டு பட்டியலில் தமிழ்நெட் 99 என்று நாலைந்து வரிகள் இருக்கும். அதில் டேப், திஸ்கி என்ற சொல் வரும் வரிகளைத் தொடாதீர்கள், அவை பழைய குறியீடுகள். நான் அந்தப் பட்டியலையே விட்டுவிட்டு ஐபஸ் என்ற கருவியும் அதற்கான எம்17என் தொகுப்பும் போட்டுத் தருகிறேன். அதில் தமிழ்99 ஒழுங்காக வேலை செய்யும்: 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நாலு தட்டுத் தட்டினால் புள்ளி தானாக விழும். விரல் பழைய தட்டச்சை விட்டு வர மறுத்தால் தட்டச்சு முறையும் அதிலேயே இருக்கிறது. உங்கள் விரலோடு நான் சண்டை போடப் போவதில்லை.

மல்டிமீடியா கோடெக் வேண்டுமா என்று கேட்கும், டிக் அடியுங்கள். பட்டிமன்ற வீடியோவுக்கு உதவும்.

பிறகு வரும் அந்தத் திரை. 'டிஸ்க்கை அழித்து நிறுவு' என்று முதல் வரி. இங்கே உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2014-ல் உங்கள் கல்யாண ஆல்பத்தை ஸ்கேன் செய்துவிட்டு, 'சரியா விழலை சித்தப்பா, இன்னொரு தடவை தாங்க' என்று மறுபடி வாங்கிப் போனேன், ஞாபகம் இருக்கிறதா? ஸ்கேன் அருமையாகத்தான் விழுந்திருந்தது. என் லேப்டாப்பில் புதிதாக லினக்ஸ் போடும்போது வெளி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றாமல் விட்டிருந்தேன். எந்த டிஸ்க் என்று அது கேட்டது. எஸ்டிஏ, எஸ்டிபி என்று இரண்டு பெயர். அளவைப் பார்க்காமல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து 'இன்ஸ்டால் நவ்' அமுக்கினேன். லேப்டாப் அப்படியே இருந்தது. ஆல்பம் போய்விட்டது. அன்று முதல் எனக்கு ஒரே பழக்கம்: நிறுவும் பென்டிரைவைத் தவிர செருகியிருக்கும் எல்லாவற்றையும் கழற்றிவிடுவது, பெயரைப் பார்க்காமல் அளவைப் பார்ப்பது. உங்களுக்கு 240 என்று காட்ட வேண்டும். பென்டிரைவ் 8 என்று நிற்கும். 240 வரவில்லை என்றால் கையை எடுத்துவிட்டு எனக்கு போன் போடுங்கள்.

பார்ட்டிஷன் எப்படிப் பிரிப்பது, ஸ்வாப் எவ்வளவு என்று யாராவது மணிக்கணக்கில் பேசினால் கேட்டுக்கொண்டு விட்டுவிடுங்கள். உங்களுக்கு அந்தக் கணக்கு தேவையில்லை, அதுவே பார்த்துக்கொள்ளும்.

அதே திரையில் 'அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸ்' என்ற பட்டனுக்குப் பின்னால் இரண்டாவது கேள்வி ஒளிந்திருக்கிறது: என்கிரிப்ஷன், முதலில் சொன்ன பூட்டு. கடைசித் திரையில் ஹோம் ஃபோல்டரைப் பூட்டட்டுமா என்று இன்னொரு தடவையும் வரும். பாதுகாப்புதானே என்று டிக் அடிக்கத் தோன்றும். அந்தப் பூட்டின் பாஸ்வேர்டை மறந்தால் நானும் திறக்க முடியாது, கடைக்காரரும் முடியாது. வெளியே தூக்கிக்கொண்டு அலைகிறவர்கள் கட்டாயம் போட வேண்டும், என் லேப்டாப்பில் போட்டிருக்கிறேன். உங்களுடையது கூடத்து மேசையை விட்டு நகர்வதில்லை. போன் பின் நம்பரை மூன்று தடவை மாற்றியவர் நீங்கள். இரண்டு இடத்திலும் வேண்டாம். இதைச் சொல்லும்போது தங்கச்சியிடமும் ஒன்று சொல்லுங்கள். அவளுடைய புது லேப்டாப் விண்டோஸ் 11. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே போனால் பல மெஷின்களில் இந்தப் பூட்டு கேட்காமலே விழுந்துவிடும். மீட்புச் சாவி அந்தக் கணக்கில்தான் இருக்கும். ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

மிச்சம் சில்லறை. நேர மண்டலம் கேட்கும் உலக வரைபடத்தில் சென்னையைத் தேடாதீர்கள், இந்தியா முழுமைக்கும் அங்கே கொல்கத்தா என்றுதான் இருக்கும். யூசர் நேம் மட்டும் சிறிய ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், சுருக்கமாக வையுங்கள். பின்னால் மாற்றலாம், ஆனால் தொல்லை. உள்ளே நுழைய பாஸ்வேர்டு கேட்கட்டும். பேரன் பேத்தி வரும் வீடு.

இருபது நிமிடத்தில் முடிந்து, பென்டிரைவைக் கழற்றச் சொல்லும். அதற்கு மேல் எதுவும் செய்யாமல் வைத்திருங்கள். அடுத்த சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன், தமிழும் ஃபான்ட்டும் பிரிண்டரும் நான் பார்த்துக்கொள்கிறேன். ஆல்பத்தை எடுத்து வையுங்கள். இரண்டாம் தடவை ஸ்கேன் செய்தபோது கடைசி நாலு பக்கம் விட்டுப்போயிருந்தது. சித்தி கேட்டால் 2014 கதையைச் சொல்ல வேண்டாம், ஸ்கேனர் மேல் பழி போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்