பங்குனிச் செங்கல்

ஸ்காபரோ,
பங்குனி 16

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் தை மாதமே வந்து சேர்ந்தது. பதில் பிந்தியதற்கு மன்னிப்பெல்லாம் கேட்கப்போவதில்லை. என் கடைசிக் கடிதத்துக்கு ஒன்றரை வருடம் கழித்துப் பதில் போட்டவன் நீ. உன் மகளும் மருமகனும் வாங்கிய வீட்டைப் போய்ப் பார்த்து உள்ளது உள்ளபடி எழுது என்று கேட்டிருந்தாய். தை மாதத்தில் இங்கே எல்லா வீடும் வெள்ளைப் போர்வைக்குள் ஒரே மாதிரித்தான் தெரியும். வீட்டின் வண்டவாளம் வெளியே வருவது பங்குனியில். அதனால் காத்திருந்து போன சனிக்கிழமை போனேன்.

முதலில் நல்ல செய்தி. அத்திவாரம் உறுதி. 1920களில் கட்டிய வீடு, ரொறொன்ரோவின் கிழக்குப் பக்கம். சிவந்த செங்கல், மேலே பூச்சு இல்லை. இந்த நகரின் டொன் பள்ளத்தாக்கில் 1889இல் தொடங்கிய பெரிய செங்கல் சூளை ஒன்று இருந்தது. இப்போது அது பூங்காவும் சந்தையும். இந்த வீட்டுக் கல் அங்கே வெந்ததாகக்கூட இருக்கலாம். கையால் தட்டிப் பார்த்தேன். நீ தேங்காய் தட்டுவதுபோலத்தான். பெரும்பாலானவை கணீரென்றன. வடக்குச் சுவரின் கீழ் வரிசைகளும் புகைக்கூண்டும் மட்டும் பொத்தென்றன. அங்கே கல்லின் முகம் அப்பளம்போல உரிந்து கீழே கிடக்கிறது.

குளிரில் கல் வெடித்துவிட்டது என்றான் மருமகன். குளிரில் அல்ல என்று சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை. நீ நம்புவாய். சைபருக்குக் கீழே இருபது என்று இரண்டு கிழமை ஒரே சீராக உறைந்து கிடந்தால் சுவருக்கு அவ்வளவு கேடில்லை. பங்குனியில் பகலில் ஐந்து பாகை, இரவில் சைபருக்குக் கீழே ஆறு. பகலில் பனி உருகிக் கல் நீரைக் குடிக்கிறது. இரவில் அந்த நீர் உறைந்து, நூற்றில் ஒன்பது பங்கு பெருத்து, மயிரளவு வெடிப்பை நூலளவாக்குகிறது. மறுநாள் அந்த வெடிப்பு இன்னும் கொஞ்சம் குடிக்கிறது. நம்மூரில் கடற்கரையோர வீடுகளில் உப்புப் பூத்துச் சுவர் பொரிந்து கொட்டுமே, அதே கதைதான். அங்கே கல்லின் துளைக்குள் உப்புப் பளிங்கு வளர்ந்து நெருக்குகிறது, இங்கே பனிக்கட்டி. இரண்டுக்கும் கதவு திறந்துவிடுவது தண்ணீர்.

இனி நீ பல்லைக் கடிக்கப்போகும் செய்தி. முன்பு இருந்தவர்கள் பழைய சுண்ணாம்புச் சாந்தைச் சுரண்டிவிட்டு இடுக்குகளைக் கடினமான சீமெந்தால் அடைத்திருக்கிறார்கள். மென்மையான கல்லுக்கு நடுவே இரும்பு மாதிரிச் சாந்து. ஈரம் சாந்து வழியே வெளியேற முடியாமல் கல் வழியே போகிறது, கல்தான் சாகிறது. சில இடங்களில் கல் தேய்ந்து உள்ளே போய், சாந்து மட்டும் சிலந்திவலைபோல் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதற்குமேல் நீர் புகாத பூச்சு ஒன்றை அடித்துத் தருகிறேன் என்று யாரோ மருமகனிடம் விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். சுவருக்குள் இருக்கும் ஈரத்தை உள்ளேயே வைத்துப் பூட்டுகிற வேலை! தலையால் நடந்து தடுத்திருக்கிறேன். முதலில் புகைக்கூண்டின் மூடியும் அதன் அடிவாரத் தகடும், பிறகு கூரை நீர் ஓடும் பீலி. மழை நீர் சுவரைவிட்டு ஆறடி தள்ளிப் போய் விழவேண்டும். இரவுக் குளிர் முற்றாக நீங்கிய பிறகுதான் சாந்து.

மகள் உனக்குக் கூரையோரப் பனி ஊசிகளைப் படமெடுத்து அனுப்பினாளாம், நீயும் கண்ணாடித் தோரணம் மாதிரி இருக்கிறது என்று எழுதினாயாம். அது தோரணம் அல்ல, நோயின் அறிகுறி. வீட்டுச் சூடு மேலே கசிந்து கூரைப் பனியை அடியிலிருந்து உருக்குகிறது. உருகிய நீர் வழிந்து, கீழே சூடு இல்லாத இறவாரத்துக்கு வந்ததும் மறுபடி உறைந்து வரம்பு கட்டுகிறது. பின்னால் வருகிற நீருக்குப் போக்கிடம் இல்லை. ஓட்டுத் தகடுகளுக்கு அடியால் ஏறி உள்ளே இறங்குகிறது. முன்னறைக் கூரையில் தேத்தண்ணீர் நிறத்தில் ஒரு வட்டம் இருக்கிறது, அதை உனக்குப் படம் அனுப்பியிருக்க மாட்டாள்.

ஏணி வைத்து மோட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். இந்த வயதில் தேவையா என்று என் மனைவி கேட்டதை நீயும் கேட்காதே. புது வீடுகளில் அங்கே கிட்டத்தட்ட ஒன்றரை அடி உயரத்துக்கு வெப்பத்தடைப் பஞ்சு நிரப்புகிறார்கள். இங்கே ஒரு சாண்கூட இல்லை. போதாததற்குக் குளியலறை விசிறியின் குழாய் வெளியே போகாமல் மோட்டுக்குள்ளேயே ஆவியைக் கக்கிக்கொண்டிருக்கிறது. ஓட்டைகளை அடைத்து, அந்தக் குழாயை வெளியே எடுத்து, அதன் பிறகு பஞ்சு போடச் சொல்லியிருக்கிறேன். மருமகன் மாசியில் சுத்தியலால் பனி வரம்பை உடைக்கப்போய் ஐந்தாறு தகடுகளையும் சேர்த்து உடைத்திருக்கிறான். நல்ல பிள்ளை, கை மட்டும் அவசரம்.

முன்வாசல் படியும் அவனைப் பயமுறுத்தியிருக்கிறது. மாசியில் ஒரு விரற்கடை மேலே எழும்பிக் கதவைத் திறக்கவிடாமல் தடுத்ததாம். பின்னாளில் யாரோ ஒட்டவைத்த படி அது, ஆழமாகத் தோண்டவில்லை. இங்கே அத்திவாரம் நான்கடிக்குக் கீழே போகவேண்டும்; அதற்கு மேலே உள்ள மண் உறையும், உறையும்போது கீழிருந்து ஈரத்தை உறிஞ்சித் தட்டுத்தட்டாகப் பனி வளர்த்துக்கொண்டு மேலே உள்ளதைத் தூக்கும். சித்திரையில் படி தானாக இறங்கிவிடும் என்றேன். இனிப் படியில் உப்பை அள்ளிக் கொட்டாதே, மணல் தூவு என்றும் சொன்னேன். உப்புப் போட்டால் பனி உருகும், ஆனால் அந்த நீர் கொங்கிரீட்டுக்குள் போய் மறுபடி உறைந்து மேல்தோலை உரிக்கும்.

நான் இவ்வளவு வாத்தியார்த்தனம் பண்ணுவதற்குப் பின்னால் ஒரு வெட்கக்கேடு இருக்கிறது. மூன்று வருடங்களுக்கு முன் என் தோட்டக் குழாயில் மாட்டிய ஹோஸை ஐப்பசியில் கழற்ற மறந்துவிட்டேன். குழாய்க்குள் நின்ற நீர் குளிரில் உறைந்து, சுவருக்கு உள்பக்கமாகச் செப்பைப் பிளந்திருக்கிறது. குளிர்காலம் முழுவதும் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை, அதுதான் கொடுமை. வைகாசியில் கத்தரிக் கன்றுக்குத் தண்ணீர் விடக் குழாயைத் திறந்தேன். கால் மணி நேரம் கத்தரிக்கும் ஊற்றினேன், பேஸ்மென்டுக்கும் ஊற்றினேன். அங்கேதான் உன் அக்கா அனுப்பிய மிளகாய்த்தூள் பொதி இருந்தது. பேஸ்மென்டே சொதிச்சட்டியாகிவிட்டது. அக்காவிடம் தூள் முடிந்துவிட்டது என்று மட்டும்தான் சொன்னேன். நீயும் வாய் திறக்காதே.

அதனால் உன் மருமகனுக்குக் கையோடு காட்டினேன். ஐப்பசியில் ஹோஸைக் கழற்று, உள்ளே இருக்கும் அடைப்பானை மூடு, வெளியே குழாயைத் திறந்துவிட்டு மிச்ச நீரை வடியவிடு. பத்து நிமிட வேலை. வீட்டின் பிரதான அடைப்பான் எங்கே என்று கேட்டேன், முழித்தான். இரண்டு பேருமாகத் தேடி, படிக்கட்டுக்கு அடியில் பெயின்ற் வாளிகளுக்குப் பின்னால் கண்டுபிடித்தோம். 2013 மார்கழிப் பனிப்புயல் உனக்கு நினைவிருக்கும், நத்தாருக்கு முன் இந்த நகரில் ஏறத்தாழ மூன்று லட்சம் மின் இணைப்புகள் இருண்டன. எங்கள் தெருவில் மூன்று நாள். சூடு இல்லாத வீட்டில் குழாய்கள் உறையப்போகின்றன என்று தெரிந்து, அந்த ஒரு அடைப்பானை மூடி எல்லாக் குழாய்களையும் திறந்து வடித்துவிட்டுத்தான் மச்சினன் வீட்டுக்குப் போனோம். திரும்பி வந்தபோது பூச்சாடிகளில் மண் கல்லாகியிருந்தது, குழாய்க்கு ஒன்றுமில்லை.

பேத்தி நன்றாக இருக்கிறாள். உன் மூக்கு, பாவம். நான் ஏணியில் ஏறியபோது கீழே நின்று, "தாத்தா விழுந்தால் நான் பிடிப்பேன்" என்றாள். உன் முழங்கால் எப்படி? கிணற்றுக் கட்டைத் திருத்தி முடித்துவிட்டாயா?

ஒரு வேலை தருகிறேன். வைகாசிக் கடைசியில் அந்த வடக்குச் சுவரைச் சுரண்டத் தொடங்குகிறோம். சுண்ணாம்பு எத்தனை பங்கு, மணல் எத்தனை பங்கு, எத்தனை நாள் ஊறவைப்பது என்று எழுதி அனுப்பு. இங்கே கடையில் பையிலேயே அச்சடித்து விற்கிறார்கள். இருக்கட்டும், உன் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். தொலைபேசியில் சொல்லாதே. மருமகன் கேட்டால் காட்டுவதற்கு உன் கையெழுத்தில் ஒரு தாள் வேண்டும்.

உன்,
பழைய மச்சான்