தொட்டிக்குள் இறங்கும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் 22 ஆண்டுகளாகக் கட்டட வேலை பார்க்கும் மேஸ்திரி. “புதுத் தொட்டிதானே, அதற்குள் என்ன விஷவாயு?” என்று இன்றும் கேட்கிறார்கள். மூடியே கிடக்கும் தொட்டியில் கான்கிரீட் போடும்போது தாங்கலுக்கு அடித்த ஈரமான சென்ட்ரிங் மரப்பலகை மக்க மக்க, உள்ளே ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும். வெளிக்காற்றில் சுமார் 21 சதவீதம் இருப்பது 19.5-க்குக் கீழே போனாலே ஆபத்து. 6 சதவீதத்துக்கு வந்துவிட்டால் ஒரு நிமிடத்துக்குள் நினைவு தப்பிவிடும். வாடையே வராது.

பலகை பிரிக்க என் ஆள் ஒருவர் இறங்கினார். ஏணியின் நாலாவது படியில் அவர் கை தளர்ந்தது. கடப்பாரை கீழே விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நல்லவேளை, இடுப்பில் கயிறு இருந்தது. மூன்று பேர் இழுத்துப் போட்டோம், பிழைத்தார். கயிறு இல்லையென்றால் நானும் பின்னாலேயே குதித்திருப்பேன். இப்படித் தூக்கப் போனவர்கள்தான் அடுத்தடுத்து சாகிறார்கள்.

சிலர் மெழுகுவத்தி ஏற்றிப் பார்க்கிறார்கள். எரியும் வாயு இருந்தால் வெடித்துவிடும், தயவுசெய்து வேண்டாம். வாயு அளக்கும் கருவியை மேலே, நடுவில், அடியில் என்று இறக்கிப் பார்க்க வேண்டும். அப்புறம் ஊதுகாற்றாடி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், வாசலில் ஓர் ஆள் நகராமல் நிற்க வேண்டும். பெட்ரோல் மோட்டாரை உள்ளே இறக்கவே கூடாது. அதன் புகையே கொன்றுவிடும்.

ஒப்பந்ததாரர்களே, வாயு அளக்கும் கருவியையும் இடுப்பு வாரையும் சிமென்ட், கம்பியோடு சேர்த்து மதிப்பீட்டிலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கட்டட மேஸ்திரி