வண்டியை மடக்கினால் சீட்டைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போலீஸ் கை காட்டியதும் இருபது வயதுப் பையன் யூ-டர்ன் அடிக்க இடம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறான். இத்தனைக்கும் அவனிடம் லைசென்ஸ் இருக்கும், இன்சூரன்ஸ் ஓடிக்கொண்டிருக்கும், ஹெல்மெட்கூட பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்திருக்கும். எதைக் காட்டினால் போதும், எதற்கு எவ்வளவு அபராதம், கட்டிய பணத்துக்கு என்ன அத்தாட்சி என்பது தெரியாததால் வரும் பயம் இது. வாகனம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்கள் என்ற முறையில் இதைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறோம். எட்டு போடக் கற்றுத்தரும் நாங்களும் இதைச் சொல்லித்தராமல் விட்டது தவறுதான்.

ஆவணங்களில்தான் பாதிச் சண்டை தொடங்குகிறது. சீருடையில் இருக்கும் காவலர் கேட்டால் லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் காட்ட வேண்டும். தாளாகக் காட்டலாம், மின்னணு வடிவிலும் காட்டலாம் என்று மத்திய மோட்டார் வாகன விதி 139 தெளிவாகச் சொல்கிறது. கையில் இல்லாததன் சான்றொப்பமிட்ட நகலை 15 நாளுக்குள் நேரில் கொடுக்கலாம், பதிவுத் தபாலிலும் அனுப்பலாம் என்பதும் அதே விதியில் இருக்கிறது. பிள்ளைகள் பலர் செய்கிற தவறு, லைசென்ஸைப் போட்டோ எடுத்து கேலரியில் வைத்துக்கொண்டு அதை நீட்டுவது. போட்டோ ஆவணம் ஆகாது. ஆவணங்களை வைத்துக்கொள்ளும் அரசுச் செயலியான டிஜிலாக்கரிலேயே இரண்டு பகுதிகள் உண்டு. நாமே ஸ்கேன் செய்து ஏற்றியவை ஒரு பக்கம், போக்குவரத்துத் துறையின் பதிவேட்டிலிருந்து நேராக இறங்கியவை இன்னொரு பக்கம். இரண்டாவது பகுதியில் இருப்பதற்குத்தான் அசல் ஆவணத்தின் மதிப்பு. அரசின் போக்குவரத்துச் செயலியான எம்-பரிவாகனில் வருவதும் செல்லும்.

அப்படி இறக்கும்போதுதான் பலருக்குச் சிக்கல். பழைய லைசென்ஸில் எண் குட்டையாக இருக்கும். மாநில எழுத்து இரண்டு, ஆர்.டி.ஓ. எண் இரண்டு, ஆண்டு நான்கு, அதற்குப் பிறகு வரிசை எண் ஏழு இலக்கம் என்பது இன்றைய அமைப்பு. லைசென்ஸில் வரிசை எண் 1234 என்று இருந்தால் முன்னால் மூன்று சைபர் சேர்த்து 0001234 என்று அடிக்க வேண்டும். ஆதாரில் 'எஸ். கார்த்திக்', லைசென்ஸில் 'கார்த்திக் சுப்பிரமணியன்' என்று இருந்தாலும் இறங்காது. நம் ஊரில் இனிஷியல் படுத்தும் பாடு தனிக்கதை. பெயரைத் திருத்த நாளாகும் என்றால் அதுவரை அட்டையையே பர்ஸில் வைத்துக்கொள்வது நல்லது. இரவு பதினொரு மணிக்கு இரண்டு சதவீத சார்ஜில் இருக்கும் போனையும் டவர் இல்லாத பாலத்தடியையும் நம்பி வண்டி எடுக்கக் கூடாது.

இன்சூரன்ஸில் இன்னொரு குழப்பம். 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வாகனம் வாங்கும்போதே ஐந்தாண்டுக்கு மூன்றாம் நபர் காப்பீடு (நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்கானது) எடுத்தாக வேண்டும். கூட வருகிற சொந்தச் சேதக் காப்பீடு பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான். அது முடிந்ததும் 'இன்சூரன்ஸ் போயிருச்சு' என்று நினைத்துப் பயந்து ஓட்டுகிறவர்கள் ஏராளம். சட்டம் கேட்பது மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டுமே. பாலிசித் தாளில் இரண்டு முடிவுத் தேதிகள் இருக்கும், எது எது என்று பார்த்து வைத்துக்கொண்டால் சாலையில் விரல் வைத்துக் காட்டிவிடலாம். ஐந்தாண்டு முடிந்த வண்டிக்கு இந்தச் சமாதானம் செல்லாது. காப்பீடு இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய், அடுத்த முறை 4,000. அதைவிடப் பெரிய ஆபத்து, யார்மீதாவது மோதிவிட்டால் இழப்பீடு முழுக்க வண்டிக்காரர் தலையில் விழும். புகைச் சான்று, பதிவான முதல் ஓராண்டுக்குத் தேவையில்லை. அதன்பிறகு பி.எஸ்.-4, பி.எஸ்.-6 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தில் வந்த வண்டிகளுக்கு ஆண்டுக்கொரு முறை எடுத்தால் போதும்.

எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) வைத்திருப்பவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். எல்.எல்.ஆர். இருந்தால் போதும், வண்டி ஓட்டலாம் என்பது அரை உண்மை. முன்னும் பின்னும் 18 சென்டிமீட்டர் சதுரத்தில் வெள்ளைத் தளம், அதில் குறைந்தது 10 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சிவப்பில் 'எல்' எழுத்து இருக்க வேண்டும். பழகும் காலத்தில் பைக்கின் பின்னால், கற்றுக்கொடுக்கிற லைசென்ஸ்காரரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது. காலேஜ் நண்பனை டபுள்ஸ் ஏற்றிக்கொண்டு எல்.எல்.ஆர். தாளை நீட்டினால் அதிகாரி ஒத்துக்கொள்ள மாட்டார், அவர் பக்கம்தான் நியாயம். கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் லைசென்ஸ் எடுத்தவர் கியர் பைக் ஓட்டினாலும் அந்த வகைக்கு லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகவே கணக்கு. அபராதம் 5,000 ரூபாய்.

பதினெட்டு ஆகாத பிள்ளைகள் கையில் ஸ்கூட்டரைக் கொடுக்கும் பெற்றோருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பதினாறு வயதில் லைசென்ஸ் உண்டு என்பது 50 சி.சி.க்கு மேற்படாத, கியரற்ற வண்டிக்கு மட்டும். இன்று ஷோரூமில் நிற்கும் ஸ்கூட்டர்கள் 110, 125 சி.சி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 199ஏ-இன்படி, சிறார் ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. டியூஷனுக்குப் போய்வர என்று கொடுத்த வண்டி, வேலைக்குப் போகும் வயதுவரை பிள்ளையை பஸ்ஸுக்கு நிற்க வைத்துவிடும்.

ஹெல்மெட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் வரை 100 ரூபாயாக இருந்த அபராதம் இப்போது 1,000. பிரிவு 129 ஹெல்மெட் தலையில் இருந்தால் மட்டும் போதும் என்று சொல்லவில்லை, வாரால் இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும் என்கிறது. கிளிப் போடாத ஹெல்மெட் சறுக்கி விழும் அந்த நொடியில் தலைக்கு முன்னால் பறந்துபோகும். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு 4151 என்ற எண் இருக்கிறதா என்று பின்பக்கம் பாருங்கள், முத்திரை ஸ்டிக்கரை மட்டும் நம்ப வேண்டாம். பின்னால் உட்காருபவருக்கும் இதே விதிதான். ஹெல்மெட் இல்லாமலோ ட்ரிபிள்ஸிலோ பிடிபட்டால் 1,000 ரூபாயோடு முடிந்தது என்று நினைக்கக் கூடாது. மூன்று மாதம் லைசென்ஸைத் தகுதியிழக்கச் செய்யவும் சட்டத்தில் இடம் உண்டு. செல்போனை ஹெல்மெட்டுக்குள் செருகிப் பேசுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாதபடி ஹோல்டரில் மாட்டிப் பயன்படுத்த விதி அனுமதிக்கிறது.

இனி போலீஸ் தரப்பு. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்: வண்டியைப் பறிமுதல் செய்யும் அதிகாரமும் ஆவணத்தை வாங்கிவைக்கும் அதிகாரமும் மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 206, 207-இல் எழுதப்பட்டிருக்கின்றன, இன்னின்ன சூழலில் என்று எல்லையும் போடப்பட்டிருக்கிறது. ஓடும் வண்டியின் சாவியைப் பிடுங்கச் சொல்லும் பிரிவு எதுவும் அந்தச் சட்டத்தில் இல்லை. ஓடும் பைக்கின் சாவியைத் திடீரென்று திருப்பினால் எஞ்சின் நின்று வண்டி தடுமாறும், பையன் கீழே விழலாம். அழைப்பாணை கொடுக்க முடியாமல் தலைமறைவாகிவிடுவார் என்று கருதி லைசென்ஸை வாங்கிவைத்தால் அதற்கு ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். லைசென்ஸ் திரும்பி வரும்வரை அந்தச் சீட்டே லைசென்ஸ்.

எல்லாவற்றையும்விட முக்கியம் சலான் என்னும் அபராதச் சீட்டு. தவறு செய்தது உண்மை, பணம் கட்டத் தயார் என்றாலும் கையில் ரொக்கம் கொடுத்துவிட்டுக் கிளம்பக் கூடாது. கையடக்கக் கருவியில் அடித்துத் தரும் சீட்டில் சலான் எண், வண்டி எண், தேதி, நேரம், இடம், எந்தப் பிரிவு, எவ்வளவு தொகை, எந்த அதிகாரி என்பதெல்லாம் இருக்க வேண்டும். அங்கேயே நின்று படித்துப் பாருங்கள், ஒரு நிமிடம்தான். ஹெல்மெட்டுக்குப் பிடித்துவிட்டுச் சீட்டில் வேறு பிரிவு அடித்திருந்தால் அப்போதே மரியாதையாகக் கேட்கலாம்: "சார், இதுல வேற செக்‌ஷன் போட்டிருக்கே, பாருங்க சார்." உடனே பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. இ-சலான் இணையதளத்தில் பிறகு கட்டலாம், ஒப்புக்கொள்ள முடியாவிட்டால் நீதிமன்றத்தில் சொல்லலாம். 'பாதி குடுத்துட்டுப் போ' என்று யாராவது சொன்னால் அந்தப் பாதிக்குச் சீட்டு வராது. சீட்டு இல்லாத பணம் எந்தக் கணக்கிலும் ஏறாது. இதில் கொடுப்பவரும் கூட்டாளிதான் என்பதை இளைஞர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சலான் வந்தே தெரியாமல் போவது இன்னொரு வகை. செகண்ட் ஹேண்ட் வண்டியில் பெயர் மாற்றாமல் விட்டால் குறுஞ்செய்தி பழைய உரிமையாளருக்குப் போகும். பெயர் மாற்றியும் செல் எண்ணை மாற்றாமல் விட்டால் டீலர் அன்று கொடுத்த ஏதோ ஒரு எண்ணுக்குப் போகும். பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணோடு எந்த செல் எண் இணைந்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். கேமரா வழியாக வரும் சலானுக்குக் குற்றம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு வர வேண்டும் என்று விதி 167ஏ சொல்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள், 3-ஐ 8 என்று படித்துப் பக்கத்துத் தெரு வண்டியின் அபராதம் நமக்கு வந்திருக்கலாம். சலான் என்று சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. ஃபைலை (போனில் செயலியை நிறுவும் ஃபைல்) தொடவே கூடாது. அரசுத் தளத்தின் முகவரி 'ஜி.ஓ.வி. டாட் இன்' என்றுதான் முடியும்.

இரவுச் சோதனையில் ஊதச் சொன்னால் புதிய ஊதுகுழல் மாட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. சட்டப்படி எல்லை, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். சற்று முன்புதான் மவுத்வாஷ் கொப்பளித்திருந்தால் வாயில் தங்கிய ஆவியே கருவியில் காட்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி ஊத அனுமதி கேளுங்கள். இந்தக் குற்றத்துக்குக் கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும், நடக்காவிட்டால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும் என்பது பிரிவு 202.

காவல் துறைக்கு எங்கள் வேண்டுகோள் சில. மேம்பாலம் இறங்கும் இடத்திலும் வளைவு முடியும் இடத்திலும் நின்று குறுக்கே பாய்ந்து வண்டியை மடக்காதீர்கள். ஐம்பது மீட்டருக்கு முன்பே ஒரு ஒளிரும் கூம்பும் 'வாகனச் சோதனை' என்ற பலகையும் இருந்தால் வண்டி தானாக வேகம் குறையும். நிறுத்தியதும் எதற்காக நிறுத்தினோம் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். 'என்னடா, எங்கடா போற' என்று தொடங்கும் உரையாடல் எங்கே போய் முடியும் என்பது உங்களுக்கே தெரியும், 'தம்பி, லைசென்ஸ் எடுப்பா' என்றால் அவனும் 'சார்' என்பான். 'அப்பாவுக்குப் போன் போடவா?' என்ற மிரட்டலுக்கு ஐயாயிரம் ரூபாயைவிட அதிகம் பயப்படுகிற வயது அது. யூ-டர்ன் அடிப்பவர்களில் பாதிப் பேர் அபராதத்துக்குப் பயந்து அடிப்பதில்லை. தப்பிப் போகும் வண்டியைத் துரத்தவும் வேண்டாம், எண்ணைக் குறித்துக்கொண்டால் சலான் வீட்டுக்கே போய்விடும்.

கடைசியாக ஒன்று. சீட்டில் பிரிவு எண்ணுக்குப் பக்கத்தில் குற்றம் என்னவென்று தமிழில் ஒரு வரி அச்சாக வேண்டும். '194டி' என்று மட்டும் பார்த்தால் யாருக்கும் எதுவும் புரியாது. 'தலைக்கவசம் அணியவில்லை' என்று இருந்தால் கட்டுகிறவருக்கும் புரியும், வீட்டில் கேட்கிறவருக்கும் புரியும்.

இப்படிக்கு,
ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிப் பயிற்றுநர்கள் சிலர்