பிஷ்கெக் விடுதியும் நம் கண்டென்சர் தண்ணீரும்

தூத்துக்குடி,
மார்ச் 2025

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வீட்டுக்குள் வாக்கர் இல்லாமலே நடக்கிறாய் என்று படித்ததும் மனசு லேசானது. மாடிப்படி விஷயத்தில் மட்டும் அவசரப்படாதே. மருமகள் சொல்வதைக் கேள்.

பேத்தியை கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் மெடிக்கல் சேர்க்கலாமா என்று யோசிக்கிறோம், ஒரு குளிர்காலத்தில் போய்ப் பார்த்து வரலாம் என்றிருக்கிறேன், எங்கே தங்குவது, ரூம் எப்படி இருக்கும், நம் வயதுக்குத் தாங்குமா என்று கேட்டிருந்தாய். போய்விட்டு வந்த சூட்டோடு எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். உனக்கும் இப்போது படிக்க நேரம் இருக்கிறது.

ஜெயா மகள் அங்கே மூன்றாம் வருஷம் படிக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். போன வருஷம் மே 17-ம் தேதி ராத்திரி வெளிநாட்டு மாணவர்கள் தங்கியிருந்த ஹாஸ்டல்களில் ஒரு கூட்டம் புகுந்து அடித்ததே, அப்போது நம் தூதரகம் பிள்ளைகளை வெளியே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அவளும் அவள் தோழிகளும் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே கிடந்தார்கள். அன்றிலிருந்து ஜெயாவுக்குத் தூக்கமில்லை. "அண்ணா, நீ ஒரு தடவை நேரில் பார்த்துட்டு வா, நீ சொன்னா நம்புறேன்" என்று அழுதாள். அதனால்தான் பிப்ரவரியில் கிளம்பினேன். பிள்ளை நன்றாக இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடம் பேச ரஷ்ய மொழி வேண்டும் என்பதால் அதைச் சரளமாகப் பேசுகிறாள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் வெளியே போவதில்லை என்று அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டபோது எனக்கு வருத்தமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

சரி, தங்குமிடத்துக்கு வருகிறேன்.

ஊரின் நடுவே கிழக்கு மேற்காக ஓடும் சுய் அவென்யூவுக்குத் தெற்கே ஒரு குறுக்குத் தெரு. சோவியத் காலத்து ஒன்பது மாடிக் குடியிருப்பு. கீழே இரண்டு தளத்தை மட்டும் விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். வாசலில் பெயர்ப் பலகைகூடச் சின்னதுதான். ஒரு ராத்திரிக்கு 1,800 சோம். சோமும் நம் ரூபாயும் இப்போது கிட்டத்தட்ட ஒரே மதிப்பு, அதனால் மனக்கணக்கே வேண்டியதில்லை. இரும்புக் கதவைத் தாண்டியதும் ஷூவைக் கழற்றிவிட்டு அவர்கள் தரும் செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். அறை சின்னது. ஒற்றைக் கட்டில், மேஜை, கெட்டில், கனமான திரைச்சீலை. குளியலறை இரண்டு அறைகளுக்குப் பொது. தரை, விரிப்பு, துண்டு எல்லாம் பளிச்சென்று இருந்தன. காலையில் ரொட்டி, வெண்ணெய், முட்டை, பாலில் வேகவைத்த இனிப்பு ரவைக் கஞ்சி. டீயில் பால் ஊற்றிக் குடிப்பது அந்தப் பக்கத்து வழக்கம், ஆகவே டீக்குத் தவிக்க வேண்டாம்.

இதையெல்லாம் எந்த ஊர் மலிவு விடுதியிலும் ஏறக்குறைய பார்க்கலாம். நான் உனக்குச் சொல்ல நினைத்தது வேறு. வெளியே மைனஸ் 12. உள்ளே நான் பனியனோடு உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்குக் கீழே வார்ப்பிரும்பு ரேடியேட்டர் ஒன்று. எத்தனையோ தடவை வெள்ளைப் பெயின்ட் அடித்து அடித்து, விளிம்பெல்லாம் மழுங்கிப்போயிருந்தது. கையை வைத்தால் இரண்டு நொடிதான் தாங்கும். குனிந்து வால்வைத் தேடினேன். வால்வே இல்லை. மேல் மாடியிலிருந்து ஒரு குழாய் இறங்கி வருகிறது, ரேடியேட்டருக்குள் போகிறது, மறுபடி கீழ் மாடிக்கு இறங்குகிறது, அவ்வளவுதான். சூடு அதிகமென்றால் என்ன செய்வது என்று நிர்வாகம் பார்க்கும் அம்மாவிடம் கேட்டேன். ஜன்னலின் மேல்மூலையில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து காட்டினார். அதுதான் அங்கே ரெகுலேட்டர்.

உனக்கு இதற்குள் விஷயம் புரிந்திருக்கும். அந்தச் சூடு அந்தக் கட்டிடத்தில் உண்டாவதில்லை. ஊருக்குக் கிழக்கே 1961-ல் ஓடத் தொடங்கிய அனல் மின்நிலையம் இருக்கிறது. டர்பைனில் பாதி வேலை செய்த நீராவியை நடுவிலேயே எடுத்து, அதைக்கொண்டு தண்ணீரைக் காய்ச்சி, தடித்த குழாய்களில் ஊருக்குள் அனுப்புகிறார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மந்திரி இருக்கும் கட்டிடம், நான் படுத்திருந்த மலிவு அறை எல்லாவற்றுக்கும் அதே தண்ணீர்தான். ஏறக்குறைய நவம்பர் தொடக்கத்தில் திறந்தால் மார்ச் கடைசி வரை நிற்காது. அந்தக் குழாய்கள் சில தெருக்களில் தரைக்கு மேலேயே ஓடுகின்றன. லாரி போக வேண்டிய இடத்தில் தோரணவாயில் மாதிரி மேலே ஏறி வளைந்து இறங்குகின்றன. புதைத்த இடத்தில் மட்டும் பனி உருகி, கறுப்பாக ஒரு நீளக் கோடு தெரியும். தெருநாய்களெல்லாம் வரிசையாக அதன்மேல்தான் படுத்திருக்கின்றன. குழாய்மேல் சூடு வெளியேறாமல் சுற்றும் லேகிங் எவ்வளவு போயிருக்கிறது என்று உன் கண்ணுக்கு உடனே தெரியும்.

முதல் ராத்திரி அந்த ரேடியேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து நாம் வேலை பார்த்த தூத்துக்குடி அனல் மின்நிலையத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 210 மெகாவாட் வீதம் ஐந்து யூனிட். எரித்த நிலக்கரியின் சூட்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் கரண்ட் ஆனது. பாதிக்குக் கிட்ட, டர்பைனை விட்டு வரும் நீராவியைக் கடல்நீரால் குளிர்விக்கும் கண்டென்சர் வழியாகக் கடலுக்குப் போனது. வருஷக்கணக்காக அந்த வாய்க்காலில் வெந்நீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே ஷிப்ட் மாறினோம். தூத்துக்குடி வெயிலில் யாருக்கு வேண்டும் அந்தச் சூடு? நாம் வீணடித்தோம் என்று சொல்லவில்லை, நம் ஊருக்கு அது உதவாது. ஆனால் அதே சூடு இன்னொரு ஊரில் லட்சக்கணக்கான பேரைப் பனியிலிருந்து காப்பாற்றுவதைத் தொட்டுப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. படிப்பில் அத்தனை டயகிராம் வரைந்திருக்கிறோம், கையில் பட்டது இப்போதுதான்.

இதில் கவலையான பக்கமும் உண்டு, அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். குழாய் போகும் தூரம் வரைதான் அந்தச் சுகம். கிராமங்களிலிருந்து வந்தவர்கள் ஊரைச் சுற்றி வீடு கட்டிக் குடியேறியிருக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு வீட்டிலும் நிலக்கரி அடுப்பு. காற்று ஓடாத குளிர்நாளில் அந்தப் புகை மேலே போகாமல் ஊர்மேலேயே தங்கிவிடுகிறது. தெற்கே அலா-தோ மலைத்தொடர் அவ்வளவு உயரமாக, அவ்வளவு பக்கத்தில் நிற்கிறது, வழி சொல்பவர்கள்கூட மலைப்பக்கம் போவதை 'மேலே' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் சில காலைகளில் அந்த மலையே கண்ணுக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்தால் நம் நிலக்கரிக் கிடங்கு வாசனை. குளிர்காலத்தில் உலகிலேயே காற்று மிக மோசமான நகரங்களின் பட்டியலில் பிஷ்கெக் பெயர் அடிக்கடி வருவது இதனால்தான். பேத்திக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்தது என்று ஞாபகம். சேர்ப்பதற்கு முன் இதை டாக்டரிடம் பேசிவிடு. ஹாஸ்டலையும் வெந்நீர்க் குழாய் போகும் பகுதியில் பார்.

ஒரே இடத்திலிருந்து சூடு வருவதில் இன்னொரு பயம். சீனாவிடம் 38.6 கோடி டாலர் கடன் வாங்கி அந்த நிலையத்தைப் புதுப்பித்து, 2017-ல் வேலையை முடித்தார்கள். அடுத்த சில மாதத்தில், 2018 ஜனவரி 26-ம் தேதி, மைனஸ் இருபதுக்கும் கீழே போயிருந்த குளிரில், நிலையம் படுத்துவிட்டது. ஊரே விறைத்தது. பிறகு விசாரணை, வழக்கு, 2019-ல் இரண்டு முன்னாள் பிரதமர்களுக்குச் சிறைத் தண்டனை. இந்த நாட்டுக் கரண்டில் பெரும்பகுதி நீர்மின்சாரம். நாரின் ஆற்றில் டோக்டோகுல் என்ற அணை நிலையம்தான் பெரிய தூண். வெந்நீர் நின்றதும் எல்லாரும் ஹீட்டரைச் சொருகினால் லோடு எங்கே போகும்? நிலையத்தில் அன்று ஷிப்டில் இருந்தவர்களை நினைத்துப் பார்த்தேன். நமக்கு யூனிட் ட்ரிப் ஆகி திடீரென நின்றால் ஃபேன் நிற்கும், வசவு வரும். அவர்களுக்கு ட்ரிப் ஆனால் கைக்குழந்தை இருக்கும் வீடெல்லாம் சில மணி நேரத்தில் ஐஸாகிவிடும். அந்தப் பொறுப்போடு 60 வருஷத்துக்கு மேல் அந்த நிலையத்தை ஓட்டுகிறவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

விடுதியில் பக்கத்து அறையில் நாரின் என்ற ஊரிலிருந்து வந்த தம்பதி இருந்தார்கள். நம் வயதுதான். அந்த அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்று இங்கே தங்கியிருந்தார்கள். அவர்கள் ஊரில் குளிர் மைனஸ் முப்பதைத் தொடுமாம். பொதுச் சமையலறையில் ஒருநாள் சாயங்காலம் ஜெயா மகள் எனக்காகச் சமைத்தாள். ஓஷ் பஜாரில் உஸ்கென் அரிசி வாங்கி வந்திருந்தாள். கொஞ்சம் சிவப்போடிய, நல்ல கனமான அரிசி. குழைய வேகவைத்து, அவர்களுடைய கெட்டித் தயிரைக் கலந்து, நான் கொண்டுபோன கடுகையும் மிளகாய் வற்றலையும் தாளித்துக் கொட்டினாள். கடுகு வெடித்த சத்தத்தில் நிர்வாக அம்மா அடுப்பில் ஏதோ ஆகிவிட்டது என்று ஓடி வந்துவிட்டார். அப்புறம் எல்லாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தோம். நாரின்காரர் ரொட்டியைக் கையால் பிய்த்து ஒவ்வொருவர் முன்னும் வைத்தார். அங்கே ரொட்டியைக் கவிழ்த்து வைக்கவே கூடாது. டீயையும் அரைக் கோப்பைதான் ஊற்றுவார்கள். நிறைய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று ஆகிவிடும். திரும்பத் திரும்ப அரைக் கோப்பையாக ஊற்றிக்கொண்டே இருந்தார்.

நான் மின்நிலையத்தில் வேலை பார்த்தவன் என்று பிள்ளை மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் எழுந்து வந்து கை கொடுத்தார். அவர் வீட்டில் குளிர்காலத்துக்கு மூன்று நான்கு டன் நிலக்கரி வேண்டுமாம், காரா-கெச்சே சுரங்கத்து நிலக்கரி. நடுராத்திரி எழுந்து அடுப்பில் போடாவிட்டால் விடியும்போது வாளித் தண்ணீர் உறைந்திருக்கும். "இங்கே தூங்கி எழுந்தேன், முழு ராத்திரி" என்று அந்த அம்மா சொன்னார். விடுதியில் அவருக்குப் பிடித்தது அதுதான். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

இனி நீ கேட்டவற்றுக்கு நேரடியாகப் பதில். ரூம் போடும் முன்னால் ஒன்றை மட்டும் எழுதிக் கேள்: ஊர் வெந்நீர் வருகிறதா, சொந்த பாய்லரா, கரண்ட் ஹீட்டரா? ஊர் வெந்நீர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடு. கரண்ட் ஹீட்டர் என்றால் வேண்டாம், குளிர்காலத்தில் லோடு ஏறும்போது கரண்டை நம்ப முடியாது. படி ஏற முடியாதென்பதால் தரைத்தளம் அல்லது முதல் தளம் என்று கேட்டு வாங்கு. லிஃப்ட் இருக்கிறது என்று சொல்லுவார்கள், அதற்கு முன்னால் அரை மாடிப் படி இருக்கும். ராத்திரி அறைக் காற்று உலர்ந்து தொண்டை வறளும், ஈரத் துண்டை ரேடியேட்டர்மேல் போட்டுவிட்டுப் படு. நடைபாதை முழுக்கப் பனி இறுகி வழுக்குகிறது, ஓரமாக வாய்க்கால் வேறு ஓடுகிறது. உன் மூட்டோடு அதில் நடப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த வருஷக் கடைசியில் போகாதே. ஒரு வருஷம் தேறிவிட்டுப் போ, அல்லது செப்டம்பரில் போய்விட்டு வா. ஹாஸ்டலை மட்டும் குளிர்காலத்தில் ஒருமுறை உன் மகன் பார்த்துவிட்டு வரட்டும்.

திரும்பி வந்ததிலிருந்து ஒன்று மண்டையைக் குடைகிறது. நம் ஊருக்குச் சூடு வேண்டாம், ஆனால் குடிதண்ணீர் வேண்டும். வடசென்னை தெர்மலில் 2009-ல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் ஒரு சின்ன நிலையம் போட்டதே, கண்டென்சரிலிருந்து வரும் வெதுவெதுப்பான கடல்நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி நன்னீர் எடுப்பது, நாளுக்கு 10 லட்சம் லிட்டர். அதைப் பற்றி அப்போது நீ ஒரு நோட்டில் கணக்கெல்லாம் போட்டு வைத்திருந்தாய். நம் வாய்க்காலில் வெளியே போகும் தண்ணீருக்கும் உள்ளே வரும் தண்ணீருக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் இருந்தது என்பதும் அதில் இருக்கும் என்று நினைக்கிறேன். தேடிப் பார்த்து அந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பு. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நம் பையன்கள் இரண்டு பேர் கேட்கத் தயாராக இருக்கிறார்கள். உட்கார்ந்து பேசிப் பார்க்கலாம்.

ஜெயா உன்னை விசாரித்தாள். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாணிக்கம்