பழைய துப்பறியும் படங்களை வெட்டாமல் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் ஊரில் பழைய துப்பறியும் படங்களைத் திரையிட்டு வரும் இளைஞர்கள், சார்லி சான் என்ற சீனத் துப்பறிவாளர் வரும் ஹாலிவுட் படங்களைக் காட்டலாமா என்று தயங்கி நிற்கிறார்கள். சீன நண்பர்களும் வந்து அமரும் மண்டபத்தில் அவை வேண்டாம் என்கிறார்கள் சிலர். மனம் புண்படும் காட்சிகளை மட்டும் வெட்டிவிடலாம் என்கிறார்கள் வேறு சிலர். படங்களை முழுமையாகக் காட்ட வேண்டும், ஆனால் விளக்கமின்றிக் காட்டக் கூடாது என்பதே என் வேண்டுகோள்.

வெட்டுவதால் பயனில்லை, ஏனெனில் குறை ஓரிரு காட்சிகளில் இல்லை, கதாநாயகனின் முகத்திலேயே இருக்கிறது. ஏர்ல் டெர் பிக்கர்ஸ் 1925இல் தம் நாவலில் அறிமுகப்படுத்திய இந்த ஹவாய், ஹோனலூலு நகரச் சீனத் துப்பறிவாளராக, மௌனப் படக் காலத்தில் ஜப்பானிய நடிகர்கள் நடித்திருக்கிறார்கள். 1931 முதல் அந்த வேடம் சுவீடனில் பிறந்த வார்னர் ஓலண்டுக்கும், அவர் மறைந்த பின் சிட்னி டோலருக்கும் போனது. இருவருமாக 38 படங்களில் ஒப்பனையாலும் உடைந்த ஆங்கிலத்தாலும் சீனராகத் தோன்றினார்கள். சீனாவின் குவாங்சௌவில் பிறந்த கீ லூக் என்ற நல்ல நடிகரோ, அவற்றில் சில படங்களில் சானின் மூத்த மகனாகத் தந்தையிடம் திட்டு வாங்கிக்கொண்டு நின்றார். அவரே துப்பறிவாளராக நடித்த வேறொரு படம் 1940இல்தான் வந்தது.

இத்தனைக்கும் சான் கெட்டவர் அல்லர். சீனரைக் கொடியவராகவே திரையில் காட்டிய காலத்தில், உடனிருக்கும் அனைவரையும்விட அறிவாளியாகவும் பண்பாளராகவும் அவர் வருகிறார். அதனால்தான் இப்படங்களை ஒதுக்கித்தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த மதிப்பு அதே படங்களில் கறுப்பினத்தவருக்குக் கிடைக்கவில்லை. 1940களில் மேன்டன் மோர்லண்ட் ஏற்ற கார் ஓட்டுநர் வேடம், கண்களை உருட்டி நடுங்குவதற்கென்றே எழுதப்பட்டது. ஒரு பார்வையிலேயே சிரிக்கவைக்கும் திறன் கொண்ட கலைஞர் அவர். அவரது திறமைக்காகச் சிரிக்கிறோமா, அவர் இனத்தைத் தாழ்த்தியதற்காகச் சிரிக்கிறோமா என்று நம் பிள்ளைகள் யோசிக்க வேண்டும்.

தோட்டப்புறத்தில் வளர்ந்த நமக்கு இது அயல்நாட்டுக் கதை அன்று. தமிழர் அடங்கிப் போகிறவர், மலாய்க்காரர் சோம்பேறி என்று காலனி காலத்துத் துரைமார்கள் முத்திரை குத்தினார்கள். அடங்கிப் போகிறவர் என்ற பெயரே குறைந்த கூலிக்கு நம்மவரைக் கொண்டுவரக் காரணமும் ஆனது. மலாய்க்காரரைப் பற்றிய கட்டுக்கதை யாருக்குப் பயன்பட்டது என்பதைப் பேராசிரியர் சைட் ஹுசேன் அலாதாஸ் 1977இல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கியிருக்கிறார்.

அமெரிக்காவில் ஒரு தொலைக்காட்சி அலைவரிசை 2003இல் சார்லி சான் படங்களை எதிர்ப்பின் காரணமாக நிறுத்தியது; அதே ஆண்டில் கலந்துரையாடலுடன் மீண்டும் ஒளிபரப்பியது. நம் இளைஞர்களும் படம் தொடங்குமுன் சிறிது நேரம் ஒதுக்கி இந்த வரலாற்றைச் சொல்லலாம். ஊர்ச் சீனப் பள்ளி ஆசிரியர் ஒருவரைப் பேச அழைக்கலாம். சுவரொட்டியில் கீ லூக், மோர்லண்ட் பெயர்களை ஓலண்டின் பெயர் அளவுக்குப் பெரிதாக அச்சிடலாம். கறுத்த நிறத்தைக் கேலி செய்து சிரிக்கவைத்த நம் பழைய தமிழ்ப் படங்களைத் திரையிடும்போதும் இதே வழக்கத்தைக் கைக்கொள்ளுமாறு அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்.