கீரி புகாது என்று நீங்கள் விற்ற கம்பிவலையும் நான் இழந்த பதினான்கு கோழிகளும்

அனுப்புநர்:
நாட்டுக்கோழி வளர்ப்பவர்,
காங்கயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
கம்பிவலை விற்பனைப் பிரிவு.

பொருள்: தடிமன் குறைந்த கம்பிவலையை அனுப்பித் தவறாகப் பொருத்தியது – பணத்தைத் திருப்பித் தரவும் இழப்பீடு வழங்கவும் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

கடந்த ஆடி மாதம் உங்களிடம் அரை அங்குலக் கண் உள்ள 19 கேஜ் (கேஜ் என்பது கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண்) வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த கம்பிவலை, மூன்று சுருள் வாங்கினேன். ஒவ்வொன்றும் 4 அடி அகலம், 50 அடி நீளம். பொருத்தும் கூலியும் சேர்த்து ரூ.15,400 கட்டினேன். உங்கள் விளம்பரத்தில் "கீரி, பாம்பு, நாய் எதுவும் புகாது" என்று போட்டிருந்தீர்கள். ஐப்பசியில் ஒரு காலை அந்த வலைக்குள் கீரி புகுந்து என் பதினான்கு கோழிகளைக் கடித்துப் போட்டுவிட்டது. மூன்று முறை தொலைபேசியில் முறையிட்டேன். "கோழி செத்ததற்கு வலை என்ன செய்யும்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். அதற்கான பதிலை எழுத்திலேயே தருகிறேன்.

அன்று கொட்டகையைத் திறக்கப் போனவர் என் அம்மா. அவருடைய காலடி கேட்டாலே உள்ளே கொக்கரிப்பு தொடங்கிவிடும். அன்று ஒரு சத்தமும் இல்லை. கதவைத் திறந்ததும் கீரி ஒன்று அவர் கண் முன்னாலேயே மூலையில் இருந்த ஓட்டை வழியாக வெளியேறிக் கிளுவை வேலிக்குள் ஓடி மறைந்தது. ஒன்பது பெட்டைகளும் ஐந்து விடலைகளும் கழுத்தில் கடிபட்டுக் கிடந்தன. மேலே மூங்கிலில் ஏறி உட்கார்ந்திருந்த ஆறு மட்டும் தப்பின. மண்சட்டியில் அடைகாத்துக்கொண்டிருந்த கருங்கால் பெட்டை சட்டியை விட்டு இறங்கவே இல்லை. முட்டைகளின் மேலேயே கிடந்தது. அது பதினெட்டாம் நாள். இன்னும் மூன்று நாளில் குஞ்சு பொரித்திருக்கும். நான் தொட்டுப் பார்த்தபோது முட்டைகளில் சூடு மிச்சம் இருந்தது. மாற்றி வைக்க வேறு அடைக்கோழி இல்லாததால் அந்தப் பதின்மூன்று முட்டைகளும் வீணாகிவிட்டன.

கீரியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் பக்கத்துக் கிளுவை வேலிகளில் அது காலங்காலமாக வாழ்கிறது. எலியையும் பாம்பையும் தின்று எங்களுக்கு நன்மையும் செய்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கொல்வதும் பொறிவைத்துப் பிடிப்பதும் குற்றம். ஆகவே என்னைப் போன்றவர்களுக்கு இருக்கும் ஒரே காப்பு நல்ல கம்பிவலைதான். அதை நம்பித்தான் உங்களிடம் வந்தேன்.

எந்த வலை வேண்டும் என்பதை நான் தெரிந்துகொண்டுதான் கேட்டேன். அறுகோணக் கண் கொண்ட சாதாரணக் கோழிவலை கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். நாய் கடித்து இழுத்தால் அந்த முறுக்கு பிரிந்துவிடும். ஓர் அங்குலக் கண் என்றால் எலியும் சிறு பாம்பும் தாராளமாக நுழையும். அதனால்தான் விலை கூடினாலும் அரை அங்குலச் சதுரக் கண் கேட்டேன். கம்பி 1 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும் என்று 19 கேஜ் கேட்டேன். அப்போது உங்கள் விற்பனையாளர், "23 கேஜ் வாங்குங்கள், எண் கூடக் கூடக் கம்பி தடிக்கும்" என்றார். உண்மை நேர் எதிரானது. கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும். 19 கேஜ்தான் வேண்டும் என்று நான் உறுதியாகச் சொன்ன பிறகே பட்டியல் போட்டார். பட்டியலில் 19 என்றுதான் இருக்கிறது.

வந்த சரக்கு அது இல்லை. கோழிகளைப் புதைத்த மறுநாள் வலையில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் வெர்னியரில் ஐந்து இடங்களில் அளந்தார். துத்தநாகப் பூச்சையும் சேர்த்து 0.6 மில்லிமீட்டர். அது 23 கேஜ். தடிமனில் பாதிக்கு மேல் இருக்கிறதே என்று தோன்றலாம். ஆனால் குறுக்குவெட்டைக் கணக்கிட்டால், நான் காசு கொடுத்த இரும்பில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம்தான் வந்திருக்கிறது. எடையும் அதையே சொல்கிறது. 1 மில்லிமீட்டர் கம்பியில் இந்த அளவுச் சுருள் ஏறக்குறைய 18 கிலோ வர வேண்டும். இன்னும் பிரிக்காமல் இருக்கும் மூன்றாவது சுருளைத் தராசில் வைத்தேன். ஏழு கிலோகூட இல்லை.

பற்றவைப்பும் அப்படியே. வெட்டிய துண்டை இரண்டு விரலால் மடக்கினேன். குறுக்குக் கம்பி பட்டென்று விட்டு வந்தது. பற்றவைத்து முடித்த பிறகு துத்தநாகத்தில் முக்கி எடுத்த வலையில் ஒவ்வொரு சந்திப்பிலும் துத்தநாகம் திரண்டு நிற்கும். அப்படிப்பட்டதைத் தருவதாகத்தான் சொன்னீர்கள். வந்ததோ முன்பே பூசிய கம்பியைப் பற்றவைத்த வலை. பற்று வைத்த இடத்தில் பூச்சு எரிந்துபோய், ஐப்பசி மழை இரண்டு பெய்வதற்குள் புள்ளி புள்ளியாகத் துரு ஏறிவிட்டது. கீரி நுழைந்த மூலையில் பற்று விட்டுப்போன கம்பிகள் உள்பக்கமாக வளைந்து நிற்கின்றன. என் உள்ளங்கை நுழையும் ஓட்டை அது. புகைப்படங்களை இணைத்திருக்கிறேன்.

பொருத்திய விதமும் இதே போன்றதுதான். சவுக்குக் கால்களின் வெளிப்பக்கம் வலையை அடித்திருந்தால், விலங்கு தள்ளத் தள்ள வலை காலோடுதான் அழுந்தும். உங்கள் ஆள் உள்பக்கமாக அடித்தார்; தள்ளினால் கழன்று விழத்தான் செய்யும். யு ஆணி கேட்டதற்கு, போதும் என்று ஸ்டேப்ளர் பின்னை ஒன்றரை அடிக்கு ஒன்றாக அடித்தார். இரண்டு சுருள் சேரும் இடத்தில் மூன்றே இடத்தில் கட்டுக்கம்பி முறுக்கினார். எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்றாவது சுருளை நான் வாங்கியதே அடிப்பாவாடைக்காக. அதை நீளவாட்டில் இரண்டு அடியாகப் பிளந்து, அரை அடி சுவரோடு ஏற்றி, மீதி ஒன்றரை அடியை வெளிப்பக்கமாகத் தரையில் மடக்கி மண்ணுக்குள் புதைக்க வேண்டும். சுவரோரம் தோண்டும் விலங்குக்கு அங்கே வலை தட்டும். ஒன்றரை அடி தள்ளிப் போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது. "மண் கெட்டியாகத்தானே இருக்கிறது" என்று சொல்லிவிட்டு உங்கள் ஆள் அந்தச் சுருளைப் பிரிக்காமலே போய்விட்டார். கூலியை மட்டும் முழுதாக வாங்கிக்கொண்டார். வடக்குப் பக்கம் இப்போது பெருச்சாளி வளை இரண்டு இருக்கின்றன.

நான் வேறு கடையில் சரியான வலை வாங்கி, உறவினர் இருவருடன் நானே கட்டிவிட்டேன். வெளிப்பக்கம் வைத்து அரை அடிக்கு ஒரு யு ஆணி, அதற்கு மேல் ரீப்பர் மரச்சட்டம், சேருமிடத்தில் ஒரு சாண் மேலடுக்கு, சுற்றிலும் அடிப்பாவாடை என்று ஒன்றரை நாள் வேலைதான். கதவின் அடியில் இருந்த இரண்டு விரல் இடைவெளியையும் பலகை வைத்து அடைத்தோம். உங்கள் ஆள் அதைக் கவனிக்கவே இல்லை. நீங்கள் செய்ய வேண்டிய வேலை இவ்வளவுதான்.

நான் கேட்பது இதுதான். கட்டிய ரூ.15,400 முழுவதையும் திருப்பித் தாருங்கள். இறந்த பெட்டைகளுக்குத் தலா ரூ.700, விடலைகளுக்குத் தலா ரூ.400 என்று ரூ.8,300 இழப்பீடு தாருங்கள். முட்டைகளுக்கும் அம்மா பட்ட துயரத்துக்கும் நான் விலை போடவில்லை. 23 கேஜ் வலையைக் கீரி புகாத வலை என்று விளம்பரம் செய்வதை இன்றோடு நிறுத்துங்கள். அந்த விளம்பரத்தைப் பார்த்து எங்கள் ஊரிலேயே இன்னும் இரண்டு பேர் வாங்கக் காத்திருந்தார்கள், நான் தடுத்துவிட்டேன். எல்லா ஊரிலும் தடுக்க ஆள் இருக்காது.

பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ், குறைபாடுள்ள பொருள், சேவைக் குறைபாடு, தவறான விளம்பரம் ஆகிய மூன்றையும் சொல்லி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன். வாடிக்கையாளர் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஆகவே உங்கள் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் நான் அலைய வேண்டியதில்லை.

மூன்றாவது சுருள் உங்கள் முத்திரைத் தாளோடு பிரிக்கப்படாமல் என் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. யாரையாவது அனுப்புங்கள். அவர் முன்னாலேயே எடை போட்டுக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: விலைப்பட்டியல் நகல், புகைப்படங்கள் ஆறு, வெட்டி எடுத்த வலைத்துண்டு ஒன்று.