கானாடுகாத்தானில் வீட்டைத் திறக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

பாட்டையா காலத்து வீட்டைப் பழுதுபார்த்து, வளவை, அதாவது நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில் சிலவற்றை வரும் மார்கழி முதல் பயணிகளுக்குத் தரப்போவதாக எழுதியிருந்தீர்கள். பங்காளிகள் அத்தனை பேரிடமும் சம்மதம் வாங்கி, ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு மறுபடி விளக்கேற்றுவது எளிய காரியமல்ல என்பதை இந்தப் பக்கத்தில் பிறந்தவர்கள் அறிவோம். உங்களை மனதார வாழ்த்துகிறேன். வாசலில் மேளதாளத்தோடு வரவேற்கலாமா, மாலையில் பரதநாட்டியம் வைக்கலாமா, பித்தளைப் பாத்திரங்களை எல்லாம் வெளியே எடுத்து அடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இவற்றில் எதுவும் வேண்டாம் என்பதே என் பதில். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

புதுச்சேரி, தஞ்சாவூர், செட்டிநாடு, மதுரை என்ற பாதையில் பயணிகளை அழைத்துச் செல்லும் வழிகாட்டியாகிய எனக்கு, ஒரு வீட்டில் தங்கியவர்கள் அதைப் பற்றி உண்மையில் என்ன நினைக்கிறார்கள் என்பது மறுநாள் காலை, கார் திருப்பத்தூரைத் தாண்டிய பிறகுதான் தெரியவரும். விடைபெறும் நேரத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் புகழ்வார்கள். காரில் ஏறி அரைமணி நேரம் ஆன பின்பு அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதில் நடன நிகழ்ச்சி வருவது அரிது. சமையலறையில் நின்று வேடிக்கை பார்த்ததும், வீட்டுப் பெரியவர் பழைய புகைப்படத்தில் இருந்த ஒவ்வொருவரையும் உறவுமுறை சொல்லிக் காட்டியதும், தங்கள் பிள்ளைக்குக் காரம் ஆகாது என்று மதியம் சொன்னதை நினைவில் வைத்து இரவு யாரும் கேட்காமலேயே தயிர்சாதம் வந்ததும்தான் திரும்பத் திரும்ப வரும். விருந்தினருக்காகத் தனியாக ஏற்பாடு செய்த காட்சியை விட, அந்த வீட்டின் அன்றாடத்துக்குள் தங்களுக்குக் கிடைத்த சிறிய இடத்தையே அவர்கள் கொண்டுபோகிறார்கள். இதைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பெரும்பாலோர் உங்கள் வீட்டில் ஒரே ஓர் இரவுதான் தங்குவார்கள் என்பதை முதலில் மனத்தில் வையுங்கள். தஞ்சாவூரிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் பயணம் செய்து மதியம் தாண்டி வருபவர்கள், மறுநாள் காலைப் பலகாரம் முடிந்ததும் மதுரைக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆகவே ஒரு மாலை, ஓர் இரவுச் சாப்பாடு, ஒரு விடியல் ஆகிய மூன்றுதான் உங்கள் கையில் இருக்கின்றன. அதற்குள் பத்து நிகழ்ச்சிகளைத் திணித்தால் எதுவும் நிற்காது.

வந்து இறங்கியவுடன் பாஸ்போர்ட் கேட்டு மேசையில் உட்கார வைக்கும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டவர் தங்கினால் அவர்கள் விவரத்தை அரசுக்கு இணையவழியில் பதிவுசெய்ய 24 மணி நேர அவகாசம் இருக்கிறது. அதை இரவுச் சாப்பாட்டுக்கு முன் செய்துகொள்ளலாம். முதலில் நீர்மோர் கொடுங்கள், அறையைக் காட்டுங்கள், முகம் கழுவ விடுங்கள். பிறகு உங்கள் வீட்டார் ஒருவரே அவர்களை முகப்பிலிருந்து கொல்லை வரை நடத்திச் செல்லட்டும். தலைவாசலில் நின்றால் வளவையும் இரண்டாங்கட்டையும் ஊடுருவிக் கொல்லைக் கதவு வரை கண் ஒரே நேராகப் போவதை அவர்களே கண்டுபிடிக்கும்படி அங்கே ஒரு நிமிடம் பேசாமல் நில்லுங்கள். சுண்ணாம்புப் பூச்சின் வழுவழுப்பை வருணிப்பதற்குப் பதிலாகச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிற்பகல் வெயிலிலும் அது சில்லென்று இருக்கும். மணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவில் ஓர் அறை என்ற ஏற்பாட்டைச் சொன்னால், தாங்கள் தூங்கப்போகும் அறை யாருடையது என்ற கேள்வி தானாகவே வரும். அதற்கான பதில் உங்களிடம் மட்டுமே இருக்கிறது. எந்த நட்சத்திர விடுதியும் அதைத் தர முடியாது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் இன்கிரெடிபிள் இந்தியா திட்டத்தில் பதிவுசெய்யும் தங்குமிடங்களுக்கு ஆறு அறை வரைதான் அனுமதி, உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்கவும் வேண்டும் என்ற விதியைச் சிலர் இடைஞ்சலாகப் பேசுகிறார்கள். எனக்கு அது இந்தத் தொழிலின் அடிப்படையையே சரியாகப் பிடித்த விதியாகத் தோன்றுகிறது.

வீட்டின் கதையைச் சொல்லும்போது உள்ளதை மட்டும் சொல்லுங்கள். எல்லாத் தூணும் பர்மாத் தேக்கு, எல்லாச் சுவரும் முட்டை வெள்ளைக்கரு, எல்லாம் முந்நூறு ஆண்டுப் பழமை என்று அடித்துவிடும் வழக்கம் எங்கள் வழிகாட்டிகளிடையே உண்டு. இங்கு வருகிறவர்கள் படித்துவிட்டு வருகிறார்கள். ஒன்று பொய் என்று தெரிந்தால் மற்றவற்றையும் நம்பமாட்டார்கள். தெருவில் இத்தனை வீடுகள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன என்று கட்டாயம் கேட்பார்கள். பர்மாவிலும் மலாயாவிலும் செட்டியார்கள் நடத்திய வட்டித்தொழில், 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது ஊர் திரும்பியவர்கள், அங்கேயே நின்றுபோன சொத்து, இன்று ஒரு வீட்டுக்கு இருக்கும் எண்ணற்ற பங்குதாரர்கள், கதவும் நிலையும் தூணுமாகப் பிரித்துக் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்குப் போகும் வீடுகள் என அத்தனையையும் மறைக்காமல் சொல்லலாம். 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அப்படிப்பட்ட ஊரில் ஒரு குடும்பம் தன் வீட்டை விற்காமல் காப்பாற்ற முயல்கிறது என்பதைக் கேட்டபின், அவர்கள் கொடுக்கும் வாடகைக்கே வேறொரு பொருள் வந்துவிடுகிறது.

மாலையில் வெளியே அழைத்துப் போவதானால் ஒரே ஓர் இடம் போதும். ஆத்தங்குடியில் பூவேலைத் தரைக்கற்கள் செய்யும் ஒரு பட்டறைக்கு, வேலை முடிவதற்கு முன்பே போய்விடுங்கள். கண்ணாடித் துண்டின் மேல் பூவேலை அச்சை வைத்து, கட்டம் கட்டமாகக் கரண்டியால் வண்ணக் கலவையை ஊற்றி, அச்சை அலுங்காமல் தூக்கி, மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு ஈரக்கலவை போட்டு மட்டம் தட்டுவார்கள். காய்ந்து, தண்ணீரில் ஊறி, வெயில் கண்ட பின்பு கண்ணாடி விலகும்போதுதான் கல்லின் முகம் தெரியும்; அந்தப் பளபளப்பு கண்ணாடியிடமிருந்து வருவது. தொழிலாளியிடம் முன்கூட்டியே பேசி, அவர் நேரத்துக்கு உரிய கூலியைக் கொடுத்து, விருந்தினரை ஒரு கட்டத்திலாவது வண்ணம் ஊற்ற விடுங்கள். கை நடுங்கிச் சிவப்பும் பச்சையும் கலந்துபோன பிறகு, உங்கள் வீட்டுத் தரையை அவர்கள் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

காலையில் வெள்ளைப் பணியாரம் போடுங்கள். உழக்கில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதே உழக்கின் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவிக்கும் அளவை உங்கள் ஆயா (பாட்டி) சொல்லியிருப்பார். அந்த அளப்பை முந்தைய நாள் மாலை விருந்தினர் கண் முன்னால் செய்து ஊறவைத்தால், காலையில் இலைக்கு வருவது அவர்கள் தொடக்கத்திலிருந்து பார்த்த பண்டமாகிவிடும். ஒரு கரண்டி மாவு எண்ணெயில் விழுந்து, தானே மேலெழும்பி, சிவக்காமல் வெள்ளையாகவே வெந்து வருவதை அடுப்புக்குப் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். சமைக்கிற அக்காவை அவர் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துங்கள். திரைக்குப் பின்னால் நிறுத்திவைக்காதீர்கள். இரவில் ஏழெட்டு வகை பரிமாறுவதைக் காட்டிலும் நான்கை நன்றாகச் செய்து, எது எதில் காரம் என்று முன்பே சொல்லிவிடுவது நல்லது.

கொசுவலை, வெந்நீர், மின்சாரம் நின்றால் மாற்று ஏற்பாடு ஆகியவற்றை நீங்களே கவனித்திருப்பீர்கள். நம் வீடுகளில் உள்கட்டு வாசல் நிலைகள் தாழ்வு, படிகள் உயரம் என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஆறடிக்கு மேல் உள்ளவர்கள் நள்ளிரவில் எழுந்தால் நெற்றியில்தான் இடித்துக்கொள்வார்கள். அந்த வழி முழுக்கச் சிறு விளக்குகள் எரியட்டும்.

ஓட்டுநரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க எனக்கு மனமில்லை. அலங்காரத்துக்கு அவ்வளவு செலவழிக்கும் பல வீடுகளில், நாள் முழுக்க வண்டி ஓட்டி வந்தவர் காரிலேயே இருக்கையைச் சாய்த்துத் தூங்குகிறார். குளிக்க இடம் தேடி அலைகிறார். இது எனக்கு நீண்டநாள் வேதனை. விருந்தினர் அதைக் கவனிக்கிறார்கள், கூச்சப்படுகிறார்கள், உங்களிடம் சொல்லாமல் போய்விடுகிறார்கள். மறுநாள் நெடுஞ்சாலையில் அவர்கள் உயிர் அந்த மனிதரின் கண்விழிப்பில்தான் இருக்கிறது. முகப்பை ஒட்டிய அந்தப் பழைய கணக்கறையில் ஒரு கட்டிலும் மின்விசிறியும் போட்டு, பக்கத்தில் ஒரு குளியலறை கட்டி, விருந்தினருக்குச் சமைத்த அதே சாப்பாட்டை அவருக்கும் இலையில் பரிமாறுங்கள். அடுத்த பயணக்குழுவை எந்த வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று எங்களைப் போன்றவர்கள் பேசும்போது, ஓட்டுநர்கள் சொல்லும் பெயருக்கு மதிப்பு அதிகம்.

முதல் விருந்தினர் வருவதற்கு முன் உங்கள் குடும்பத்தார் ஒவ்வொருவரும் ஒவ்வோர் அறையில் ஓர் இரவு தூங்கிப் பாருங்கள். குறை எங்கே என்பது அப்போது தெரிந்துவிடும். கணக்கறை தயாரானதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். தையில் வரும் என் பயணிகளை உங்களிடம் அழைத்துவருகிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்